ஐஸ் கோப்பியும் கிணற்று நீரும்

மலராசிரியர் எம்மிடம் இலக்கணக் கட்டுரை ஒன்றை எதிர்பார்த்தனர் போலும். யாம் எழுதப் புகுந்ததோ கோப்பிக்கடைப் பொருள். பழைய மாணவர் பொறுத்தருள்க.

யூபிலித் தினத்தன்று வருவோர்க்கு ஐஸ் கோப்பி வழங்கும் பொறுப்பு எம்மிடம் விடப்பட்டதனால், சந்தியிலுள்ள கோப்பிக்கடையில் அதனை ஆக்கும் முறையை அருகிருந்து கண்டோம். கடைக்காரர் விடியற்காலையிற் கோப்பித்தூளை வழக்கத்தினும் இருமடங்காக இட்டுக் கொதிநீர் வார்த்து, சிறிதுபொழுது மூடிவைத்துத் துணியில் வடிக்கின்றார். சூடு ஆறுமுன்னரே சீனியையும் ரின்பாலையும் சேர்த்துக் கலக்குகின்றார். ஆறியபின் இட்டாற் சீனி எளிதிற் கரையாது அடியில் தங்கிவிடும். இனிப்புச் சற்று மிகையெனத் தோன்றும்வரை இடுதல் வேண்டுமாம். குளிர்ந்த பானத்தில் இனிப்பு நாவிற்குக் குறைந்தே புலப்படும் என்பது காரணம். பின்னர் காய்ச்சி ஆறிய பசுப்பால். வனிலா சில துளி. நன்கு ஆறவிட்டுப் போத்தல்களில் அடைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் நண்பகலில் விற்பனைக்கு வரும். ஐஸ் கட்டி ஒன்றேனும் அதில் இல்லை! இட்டால் உருகிக் கோப்பி நீர்த்துப்போம் என்கின்றார். இல்லாத பொருளாற் பெயர்பெற்ற இதனை எவ்வகை ஆகுபெயரில் அடக்குவது என மாணவரை வினவியிருக்கின்றோம். இன்னும் விடை வந்திலது.

இப்பொருளில் எமக்குப் பழைய தொடர்பு ஒன்றுண்டு. 1990 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்திற்கு மின்சாரம் நின்றது. போத்தல் விளக்கொளியிற் படித்த எமக்கு ஐஸ் என்பது சொல்லளவிலேயே இருந்தது. கடைசி வாங்கில் எம்மருகே இருந்தவன், 1983 வரை கொழும்பில் வாழ்ந்த குடும்பத்தவன். தாயார் சொல்லக் கேட்ட ஐஸ் கோப்பியை, நாள்தோறும் தானே பருகியவன்போல வருணிப்பான். 1995 இல் ஒருநாள், வேர்க்கொம்பு சேர்ந்த வீட்டுக் கோப்பியில் அரிதிற் கிடைத்த ரின்பாலைக் கலந்து, சோடாப் போத்தலில் அடைத்துக் கயிறு கட்டி அவர்கள் வீட்டுக் கிணற்றில் இறக்கினோம். மாலையில் எடுத்துப் பருகினால் அது குளிரவுமில்லை, சுடவுமில்லை. வேர்க்கொம்புக் குடிநீராகவே இருந்தது. "இதுதான் ஐஸ் கோப்பி" என அவன் சாதித்தான். யாம் மறுத்தோம். மறுத்ததோடு நில்லாது வகுப்பிலுஞ் சொல்லி நகைத்தோம். அன்றுதொட்டு அவன் எம்மோடு பேசவில்லை.

அவ்வாண்டு ஒக்டோபர் 30 ஆம் நாளிரவு வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் வெளியேறினர். மழையில், அசையவும் இடமில்லாத அத்தெருவில், அவன் தாயாரைச் சைக்கிளில் இருத்தி உருட்டிச் செல்லக் கண்டோம். எம்மைப் பார்த்தான்; பேசினானில்லை. யாமும் பேசினோமில்லை. 1996 இல் யாம் ஊர் மீண்டோம். அவர்கள் வன்னிக்குச் சென்றனர் என்பர். அவ்வீடு இன்றுவரை பூட்டியே கிடக்கின்றது.

அவன் பெயரை ஈண்டு எழுதவில்லை. எம் வகுப்பார் அறிவர். இம்மலர் கடல்கடந்து வாழும் பழைய மாணவர் கைகளுக்குஞ் செல்லும் என்று கேள்வி. அவனைப் பற்றி அறிந்தோர், எச்செய்தியாயினும் சரி, கல்லூரி முகவரிக்கு எம் பெயரிட்டு இரண்டு வரி எழுதுவார்களாக.