கோல் போட்ட இடத்தில் குடித்தனம்!

"டேய், பிக் பென் எங்கேயும் ஓடிப்போகாது. வா, என் பழைய வீட்டைக் காட்டறேன்" என்றார் அண்ணன். பெரியப்பா மகன். 1982-ல் லண்டன் போய், குளிருக்குப் பழகுவதற்கு முன்பே கால்பந்துக்குப் பழகிவிட்டவர். பழைய வீடு என்றால் பழைய ஹவுஸ் ஓனர் இருப்பார், ஒரு காபியாவது கிடைக்கும் என்று நம்பிக் கிளம்பினேன்.

பாதாள ரயிலில் இறங்கிய ஸ்டேஷனின் பெயர் 'ஆர்சனல்'. ஒரு கால்பந்து கிளப்பின் பெயர்! 1932-ல் அப்படி மாற்ற வைத்தவர் அந்த கிளப்பின் மேனேஜர் ஹெர்பர்ட் சாப்மன். அதற்கு முன் அது 'கில்லெஸ்பி ரோடு'. பிளாட்பாரச் சுவர் டைல்ஸில் அந்தப் பழைய பெயர் இன்னமும் கொட்டை எழுத்தில் இருக்கிறது. அண்ணன் அதை ஒரு தடவு தடவிவிட்டுத்தான் மேலே ஏறினார்.

வெளியே வந்தால் சாதாரணத் தெரு. வரிசையாக ஒட்டு வீடுகள். இங்கே எங்கே ஸ்டேடியம் என்று யோசிப்பதற்குள் ஒரு திருப்பம்... அவ்வளவுதான், அண்ணாந்து பார்த்தேன். வெள்ளை வெளேரென்று ஒரு கட்டடம். நெற்றியில் 'ஆர்சனல் ஸ்டேடியம்' என்று எழுத்து, கூடவே கிளப்பின் பீரங்கிச் சின்னம். சினிமா தியேட்டரா, பாங்க் ஹெட் ஆபீஸா என்று சந்தேகம் வரும். ஹைபரி மைதானத்தின் கிழக்கு ஸ்டாண்ட், 1936-ல் கட்டியது. செலவு 1,30,000 பவுண்டு. மைதானம் மொத்தத்தையும் கிளப் 1925-ல் வாங்கியதே 64,000 பவுண்டுக்குத்தான்! (பி.காம். படித்த பாவம், எதைப் பார்த்தாலும் விலை கேட்கத் தோன்றுகிறது.)

1913-ல் கிளப் இங்கே குடிவந்தபோது இடம் ஒரு கிறிஸ்தவ சமயக் கல்லூரிக்குச் சொந்தம். குத்தகைக்கு விட்டார்கள், புனித வெள்ளியன்றும் கிறிஸ்துமஸ் அன்றும் விளையாடக் கூடாது என்று நிபந்தனை. ஹவுஸ் ஓனர்கள் எல்லா ஊரிலும் ஒரே ஜாதி! 1935-ல் சன்டர்லாண்ட் அணியோடு ஒரு மேட்ச். 73,295 பேர் வந்தார்கள். பெரும்பாலோர் நின்றபடிதான். வடக்குப் பக்கத்து மண்மேட்டை உயர்த்தும்போது ஒரு நிலக்கரி வியாபாரியின் குதிரை குழியில் விழுந்து, அங்கேயே புதைக்கப்பட்டது என்று ஒரு கதை வேறு உண்டு. அண்ணன் அதைக் கண்ணால் பார்த்த மாதிரியே சொன்னார்.

அந்த வடக்குப் பக்கம்தான், 'நார்த் பேங்க்', அண்ணனின் 'பழைய வீடு'. 1989-ல் ஹில்ஸ்பரோ மைதானத்தில் நெரிசல். அதில் பலியானவர்கள் கடைசிக் கணக்குப்படி 97 பேர். அதன் பிறகு பெரிய மைதானங்களில் நின்று பார்ப்பதற்குத் தடை வந்தது. 1992-ல் நார்த் பேங்க்கை இடித்தார்கள். கட்டுமானத்தை மறைக்க, கூட்டம் உட்கார்ந்திருப்பது போல ஒரு பிரமாண்ட ஓவியத் திரை கட்டினார்கள். ஆயிரக்கணக்கான முகங்கள்.

"பார்த்தேன்டா. அத்தனை மூஞ்சியிலயும் நம்ம நிறத்துல ஒண்ணுகூட இல்லை. பத்து வருஷமா நான் அங்கதானே நின்னேன்? நான் எங்க போனேன்?"

பலரும் இதையே கேட்டிருக்கிறார்கள். கிளப் வெட்கப்பட்டு, சில முகங்களுக்கு மறுபடி வண்ணம் பூசியது. "அதுல ஒண்ணு நான்தான்" என்கிறார் அண்ணன். யார் மறுக்க முடியும்?

எல்லோரையும் உட்கார வைத்தால் இடம் சுருங்கத்தானே செய்யும்? கடைசிக் காலத்தில் சுமார் 38,000 பேருக்குத்தான் சீட். பெரிதாக்கலாம் என்றால் சுற்றிலும் வீடுகள். கிழக்கு ஸ்டாண்டோ அரசாங்கம் பாதுகாக்கும் கட்டடம், கை வைக்க முடியாது. பொடிநடைத் தூரத்திலேயே 39 கோடி பவுண்டு செலவில், 60,000 பேருக்குப் புது ஸ்டேடியம் கட்டி 2006-ல் போய்விட்டார்கள். பழையதை ஃப்ளாட் போட்டார்கள். மொத்தம் 711 வீடுகள். நான் ஆடிட்டராக இருந்தால் பச்சை இங்க்கில் டிக் அடித்து நகர்ந்திருப்பேன்.

2006 மே 7, கடைசி மேட்ச். விகனை 4-2 என்று ஜெயித்தார்கள். மூன்று கோல் போட்ட தியரி ஹென்றி, மண்டியிட்டுப் புல்லை முத்தமிட்டார். பிறகு ஏலம். கோல் போஸ்ட், புல்தரை, ஒரு முன்னாள் மேனேஜரின் மேஜை வரை போனது. தன் சீட்டை எப்படியும் வாங்கிவிடுவது என்று வீட்டு ஹாலில் இடம் ஒதுக்கி வைத்திருந்தார் அண்ணன். சோபாவை நகர்த்தச் சொன்னதில் அண்ணியோடு சண்டைகூட ஆனதாம். ஆனால் சீட்டுகளில் கொஞ்சம் கேட்மியம் இருப்பது தெரிந்து, விற்பனையையே ரத்து செய்துவிட்டார்கள்.

"பதிமூணு வருஷம் அது மேல உக்காந்திருந்தேன். எனக்கு ஒண்ணும் ஆகலையே!"

கேட் வழியாக எட்டிப் பார்த்தோம். கிழக்கு, மேற்கு ஸ்டாண்டுகளின் முகப்பு அப்படியே இருக்க, உள்ளே வீடுகள். வடக்கும் தெற்கும் இடிக்கப்பட்டு, அங்கேயும் வீடுகள். நடுவே ஹென்றி முத்தமிட்ட தரை இப்போது தோட்டம். ஒரு பால்கனியில் யாரோ துணி உலர்த்தியிருந்தார்கள். அண்ணன் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதுக்குக் கீழதான் என் சீட். கிட்டத்தட்ட."

"வீட்டு விலை என்னண்ணா இருக்கும்?" என்றேன். முறைத்தார்.

காபி கடையில்தான் கிடைத்தது. வீடு திரும்பியதும் அண்ணி கேட்டார்: "என்ன தம்பி, பிக் பென் பார்த்தீங்களா?"

"இல்லை அண்ணி, பழைய வீட்டுக்குப் போனோம்."

"மறுபடியுமா?" என்று அண்ணனைப் பார்த்தவர், சோபாவை ஒரு கையால் பிடித்துக்கொண்டார்.