பாயிண்ட் எவ்வளவு கண்ணு?

"எந்த ஊரு தம்பி?"

"கெங்கவல்லிங்க."

"என்ன வேணும்... கீபோர்டா, தபேலாவா?"

"எலெக்ட்ரிக் கிடாருங்க. மெட்டல் வாசிக்கணும்."

சேலத்து மியூசிக் கடைக்காரர் என்னை ஒரு தடவை பார்த்தார். பக்கத்தில் மஞ்சப்பையோடு நின்ற அப்பாவை ஒரு தடவை பார்த்தார். "மெட்டலா? சேலத்துல இரும்பாலைதான் இருக்கு!" என்று தன் ஜோக்குக்குத் தானே சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். ஆனால் பாஸ், என் வயிற்றில் அப்போது புளி கரைந்துகொண்டிருந்தது. ஏனென்றால் அது என் ரெண்டாவது கிடார். முதல் கிடார் கதை ஒரு சோகப் படம்!

குச்சிக்கிழங்கு தேசம்

கெங்கவல்லியைத் தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன ரூட் மேப். சேலம் மாவட்டத்தின் கிழக்குப் பக்கம். ஆத்தூரில் இறங்கி பஸ் மாறினால் அரை மணி நேரம். ஒரு பக்கம் பச்சைமலை, கொஞ்சம் தள்ளி கொல்லிமலை. கொல்லிமலையில் பிறந்து வரும் சுவேத நதிதான் எங்க ஆறு. மழை பெய்தால் அது ஆறு, பெய்யாவிட்டால் எங்க கிரிக்கெட் கிரவுண்டு.

சுற்றிலும் பாக்குத் தோப்பு, மக்காச்சோளம், அப்புறம் கண்ணுக்கு எட்டிய வரை மரவள்ளி. நாங்க அதைக் குச்சிக்கிழங்கு என்போம். லாரி ஏறி சேகோ ஃபேக்டரிக்குப் போய், ஜவ்வரிசியாகி உங்க வீட்டுப் பாயசத்தில் மிதப்பது அதுதான். இதில் ஒரு விஷயம் கவனிங்க. ஃபேக்டரியில் கிழங்கின் அழகுக்கு நயா பைசா கிடையாது. மாவுச்சத்து எத்தனை பாயிண்ட் என்று பார்த்து, பாயிண்ட்டுக்கு இவ்வளவு என்றுதான் காசு. தளதளன்னு இருக்கிற கிழங்கு பாயிண்ட் குறைந்து அப்பாவின் முகத்தைத் தொங்கவிட்டதும் உண்டு. கோணல்மாணல் கிழங்கு காப்பாற்றியதும் உண்டு. இந்தப் பாயிண்ட் கணக்கு எனக்கு எல்.கே.ஜி.யிலேயே தெரியும். கிடார் கடையில் மட்டும் எப்படி மறந்தேன் என்றுதான் தெரியவில்லை!

'மோட்டார்' என்று ஒரு பட்டப் பெயர்

ப்ளஸ் டூ ஹாஸ்டலில் ஒரு சீனியர் என் காதில் ஹெட்போனை மாட்டி, மெட்டாலிகாவின் 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்' ஆல்பத்தைப் போட்டுவிட்டான். 1986-ல் வந்தது. என் அம்மாவே அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்திருப்பார். ஆனால் எனக்கு அந்தச் சத்தம் அந்நியமாகவே இல்லை. ஆடி மாசம் மாரியம்மன் பண்டிகைக்கு நாலு ஜோடி பம்பை சேர்ந்து அடிக்கும்போது நெஞ்சுக்கூடு அதிருமே... அதே அதிர்வு!

இன்ஜினீயரிங் முதல் வருஷம். ட்ரிபிள் ஈ. அந்த வருஷம் கிழங்குக்கு நல்ல விலை. "படிப்பை விடாம இருந்தா சரி" என்று அப்பா பதினோராயிரம் கொடுத்தார். வேறொரு ஊரில் ஒரு கடை. உள்ளே போனதும் ரத்தச் சிவப்பில் ஒன்று சுவரில் தொங்கியது. வாசித்துப் பார்க்கவில்லை. ஆம்ப்ளிஃபயரில் மாட்டச் சொல்லவில்லை. கண்ணாடி முன்னால் மாட்டி நின்று பார்த்தேன், அவ்வளவுதான். வாங்கிவிட்டேன்.

டிபார்ட்மென்ட் கல்ச்சுரல்ஸ் வந்தது. மேடை ஏறி டிஸ்டார்ஷன் பெடலை மிதித்ததும் "உர்ர்ர்ர்ர்..." என்று ஒரு சத்தம். நான் இன்னும் கம்பியைத் தொடக்கூட இல்லை! பின் வரிசையிலிருந்து ஒரு குரல்: "டேய், யாராவது அந்த மோட்டாரை ஆஃப் பண்ணுங்கடா!" ஆடிட்டோரியமே சிரித்தது. பிரிட்ஜில் இருந்த கம்பியைப் பிடித்து ஒரு ஆட்டு ஆட்டினேன். ஆறு தந்தியும் ஆறு திசைக்குப் போய்விட்டன. பாதிப் பாட்டில் இறங்கினேன். அன்றிலிருந்து காலேஜில் என் பெயர் 'மோட்டார்'.

கிடார் கட்டிலுக்கு அடியில் போனது. அப்பா அதைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை பாஸ்.

தம்மம்பட்டியில் ஒரு கண்

ஒரு வருஷம் கழித்து எடுத்துப் பார்த்தால், தந்திகள் ஃபிரெட்டில் உரசி ஈ மொய்ப்பது போல ஒரு இரைச்சல். கிடார் ரிப்பேர் செய்ய எங்க பக்கம் யார் இருக்கிறார்கள்? ஆனால் மரம் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். பஸ் ஏறினால் தம்மம்பட்டி!

தம்மம்பட்டி மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு உண்டு. தெருவில் நடந்தாலே உளிச் சத்தமும் மரத்தூள் வாசமும். சாமி சிலை, கோயில் வாகனம், கதவு நிலை என்று வாகை மரத்தைக் குடைந்துகொண்டிருப்பார்கள். பச்சைமலைக்கு அந்தப் பக்கம், பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூரிலும் இதே தொழில்தான்.

ஒரு பட்டறையில், பாதி முடிந்த யாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவரிடம் கிடாரை நீட்டினேன். "இது என்ன சாமி, வீணையாட்டம்?" என்றபடி வாங்கினார். அப்புறம் அவர் செய்ததுதான் மேட்டர். கிடாரைத் துப்பாக்கி மாதிரி தூக்கி, ஒரு கண்ணை மூடி, அடியிலிருந்து தலை வரைக்கும் கழுத்தை ஒரே பார்வை பார்த்தார். பலகை வாங்கும்போது பார்ப்பாங்களே, அதே பார்வை.

"கழுத்து முறுக்கிக்கிச்சு சாமி. வளைஞ்சிருந்தா நிமுத்தலாம். முறுக்குனது நிக்காது."

"ஏங்க தாத்தா?"

"மரம் சரியாக் காயல. நாம அவசரப்பட்டு உளிய வெச்சா, அப்புறம் அது தன்னால காயும். காயறப்போ தன் இஷ்டத்துக்குத் திரும்பும்."

யோசித்துப் பாருங்க. ஆறு தந்தியும் சேர்ந்து கழுத்தை ராத்திரி பகலாக இழுத்துக்கொண்டே இருக்கின்றன. மொத்த இழுப்பு நாற்பது கிலோவைத் தாண்டும். வளையாமல் இருக்கத்தான் கழுத்துக்குள் ஒரு இரும்புக் கம்பி ஓடுகிறது. அதன் பெயர் ட்ரஸ் ராட். முன்னும் பின்னும் வளைந்தால் அதை முடுக்கிச் சரிசெய்யலாம். பெரியவர் சொன்ன மாதிரி முறுக்கினால், சாதாரண ட்ரஸ் ராடால் ஒன்றும் செய்ய முடியாது. கிடாரையே பார்த்திராத மனுஷன், பத்து செகண்டில் சொல்லிவிட்டார்!

காசு கொடுத்தபோது வாங்கவில்லை. "அடுத்த தடவ வாங்கறப்போ கண்ண மூடிப் பாரு. ஒரு கண்ண" என்றார்.

விரல் நுனி போனவர் கண்டுபிடித்த சத்தம்

மெட்டலுக்கு என்ன கிடார் வேண்டும் என்று தெரிய, அது பிறந்த இடத்துக்குப் போகணும். இங்கிலாந்தின் பர்மிங்காம். நம்ம சேலம் மாதிரி அதுவும் இரும்பு ஊர். 1965-ல் டோனி அயோமி என்ற பதினேழு வயதுப் பையன், தகரத் தொழிற்சாலையில் கடைசி நாள் வேலைக்குப் போனான். மெஷினில் கை மாட்டி ரெண்டு விரல் நுனி போனது. 'இனி கிடார் கிடையாது' என்றார்கள். அவன் பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்தான். மெல்லிய தந்தி போட்டான். பிற்பாடு வலி தெரியாமல் அழுத்த தந்தியைத் தளர்த்தினான். சத்தம் கீழே இறங்கி, கனமாகி, இருட்டானது. 1970-ல் பிளாக் சபாத்தின் முதல் ஆல்பம். 1971-ல் 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி'. மெட்டல் ரெடி! அந்த பேண்டின் கடைசி நிகழ்ச்சியும் அதே பர்மிங்காமில், 2025 ஜூலை 5 அன்று நடந்தது.

நம்ம பக்கமும் சும்மா இல்லை. 1992-ல் சிங்கப்பூரில் நம்ம ஆட்கள் ஆரம்பித்த 'ருத்ரா', மந்திரங்களை மெட்டலில் வாசிக்கும் பேண்ட். 2007 மார்ச்சில் அயர்ன் மெய்டனும், 2011 அக்டோபரில் மெட்டாலிகாவும் பெங்களூரு பேலஸ் கிரவுண்ட்ஸுக்கு வந்தார்கள். சேலத்திலிருந்து நாலு மணி நேரம்தான். என்ன செய்ய, முதல் கச்சேரியின்போது எனக்கு நடக்கவே சரியாக வராது!

அந்த 'உர்ர்' எங்கிருந்து வந்தது?

நான் ட்ரிபிள் ஈ ஆச்சே, இதையாவது சொல்லணும். கிடாரின் பிக்-அப் என்பது காந்தத்தைச் சுற்றிய ஒரு செப்புக் கம்பிச் சுருள். தந்தி ஆடினால் அதில் வோல்டேஜ் பிறக்கும். ஆனால் அந்தச் சுருளுக்குத் தந்தி எது, சுவரில் ஓடும் 50 ஹெர்ட்ஸ் கரண்ட் எது என்று தெரியாது. ரெண்டையும் பிடிக்கும். மெதுவான பாட்டுக்கு அது பெரிதாகத் தெரியாது. மெட்டலில் சிக்னலைப் பல மடங்கு பெருக்குகிறோமே, அந்த உறுமலும் சேர்ந்து பெருகும்.

1955-ல் கிப்சன் கம்பெனியின் சேத் லவர் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். ஒரு சுருளுக்குப் பதில் ரெண்டு. காந்தமும் எதிரெதிர், சுற்றும் எதிரெதிர். கரண்ட் உறுமல் ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு மறையும். தந்தியின் சத்தம் மட்டும் கூடும். அதுதான் ஹம்பக்கர். என் சிவப்பு ராணியில் இருந்தது மூன்றும் சிங்கிள் காயில். பாவம், அது வேற பாட்டுக்குப் பிறந்தது. தப்பு என்னுடையது.

அப்பாவின் காது

சரி, சேலத்துக் கடைக்குத் திரும்புவோம். இந்த முறை பாதிப் பணம் என் இன்டர்ன்ஷிப் காசு. மீதிக்கு அப்பாவிடம் வாய் திறக்கவே ஒரு மாசம் ஆனது. "நானும் வர்றேன்" என்று மட்டும் சொன்னார்.

மூன்று கிடார் எடுத்து வைத்தார்கள். யமஹா பசிஃபிகா 012-ல் பிரிட்ஜ் பக்கம் ஒரு ஹம்பக்கர், மற்ற ரெண்டும் சிங்கிள் காயில். ஜாக்சன் ஜேஎஸ்22-ல் ரெண்டு ஹம்பக்கர், ஆனால் ஆடும் பிரிட்ஜ். ஐபனெஸ் ஜிஆர்ஜி 121டிஎக்ஸில் ரெண்டு ஹம்பக்கர், அசையாத பிரிட்ஜ், 24 ஃபிரெட். மூன்றையும் ஒவ்வொன்றாகத் தூக்கி ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன். கடைக்காரர் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

முதலாவதை மாட்டி டிஸ்டார்ஷனை ஏற்றி, சிங்கிள் காயில் பக்கம் ஸ்விட்சைத் தள்ளினேன். ஓரமாக ஸ்டூலில் இருந்த அப்பா தலையை நிமிர்த்தினார்.

"கண்ணு, இது ஒரு ஃபேஸ் போன மோட்டாராட்டம் உறுமுது பாரு."

நான் நாலு செமஸ்டர் படித்ததை அவர் நாற்பது வருஷமாகக் கிணற்று மேட்டில் நின்று கேட்டிருக்கிறார்! ஹம்பக்கருக்கு மாற்றினேன். "இப்போ நின்னுருச்சு" என்றார். அப்புறம் கடைக்காரரைப் பார்த்து ரொம்ப சீரியஸாக ஒரு கேள்வி: "இதுல எதுக்குங்க பாயிண்ட் ஜாஸ்தி?"

கடைக்காரருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. மூன்றிலும் அழகு குறைந்தது, பளபளப்பே இல்லாத அந்தக் கருப்பு ஐபனெஸ்தான். அதைத்தான் வாங்கினேன்.

நீங்க வாங்கப் போறீங்களா? மோட்டாரின் பாயிண்ட்டுகள்!

* பிரிட்ஜ் பக்கம் கண்டிப்பாக ஹம்பக்கர் இருக்கணும். மற்றதெல்லாம் அப்புறம்.

* முதல் கிடாருக்கு அசையாத பிரிட்ஜ் நல்லது. பூட்டு வைத்த ஃப்ளாய்ட் ரோஸ் ஜோர்தான், ஆனால் ட்யூனிங்கை மாற்ற நினைத்தால் பாதி நாள் போகும்.

* மெட்டலில் அடித்தந்தியை ஈ-யிலிருந்து டி-க்கு இறக்குவது சகஜம். இறக்கினால் இழுப்பு ஐந்தில் ஒரு பங்கு குறைந்து தந்தி தொளதொளக்கும். 25.5 அங்குல ஸ்கேல் இருந்தால், 24.75-ஐ விட இழுப்பு ஆறு சதவீதம் கூட. 9-க்குப் பதில் 10-ல் ஆரம்பிக்கும் தந்தி செட் போடுங்க.

* கழுத்தை ஒரு கண்ணால் பாருங்க. ஒவ்வொரு ஃபிரெட்டிலும் ஒவ்வொரு தந்தியையும் அழுத்திக் கேளுங்க. கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.

* மொத்தப் பணத்தையும் கிடாரிலேயே கொட்டாதீங்க. சின்ன ஆம்ப்ளிஃபயர், நல்ல ஒயர், செட்டப் செலவு என்று கொஞ்சம் ஒதுக்குங்க.

* வீட்டில் எர்த் சரியாக இருக்கிறதா பாருங்க. தந்தியைத் தொட்டால் சுருக்கென்றால் அது மெட்டல் ஃபீல் இல்லை, ஷாக்! ஹம்பக்கர் அதற்கு மருந்தில்லை. எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க.

* வெயில் படும் ஜன்னல், தகரக் கூரை அறை வேண்டாம். நம்ம ஊர் சித்திரை வெயில் எந்த மரத்தையும் மன்னிக்காது.

ராத்திரி பதினோரு மணி

வீட்டுக்கு வந்த அன்று ராத்திரி, தோட்டத்துக்குத் த்ரீ ஃபேஸ் கரண்ட் வந்தது. அப்பா டார்ச்சோடு கிளம்பினார். கிணற்று மோட்டார் ஓட ஆரம்பித்த சத்தம் கேட்டது. நான் திண்ணையில் ஆம்ப்ளிஃபயரைப் போட்டு, டிஸ்டார்ஷனை முழுக்க ஏற்றி, தந்தியைத் தொடாமல் காத்திருந்தேன். மேலோட்டமாக ஒரு 'ஸ்ஸ்'. அவ்வளவுதான்.

இருட்டில் வரப்பிலிருந்து அப்பாவின் குரல்: "கண்ணு, மோட்டார நிறுத்தட்டுமா? உனக்கு எடைஞ்சலா இருக்குமா?"

"வேணாம்ப்பா. தண்ணி பாயட்டும்."

அடித்தந்தியை டி-க்கு இறக்கினேன். வாசிக்க ஆரம்பித்தேன். தெருநாய்கள் ஓடியதை மட்டும் காலேஜில் சொல்லிவிடாதீங்க.