எரியுதுன்னு சொன்னான், நான் கேக்கலை

"தடவினாலே கத்துறான் மேடம். எரியுதாம்."

ரெண்டு வருஷம் முன்னாடி ஓ.பி.யில ஒரு அம்மா சொன்னது. நாலு வயசுப் பையன். முழங்கை மடிப்புலயும் முழங்காலுக்குப் பின்னாடியும் எக்ஸிமா, ஊர்ப்பக்கம் கரப்பான்னு சொல்றது. மாய்ஸ்சரைசர் க்ரீம் எழுதிக் கொடுத்து வெளிய வாங்கச் சொன்னது நான்தான்.

"காஞ்ச தோல்மா, முதல்ல எரியும், பழகிடும்"னு அனுப்பிட்டேன். அடுத்த தடவை வந்தப்போ இன்னும் சிவந்திருந்தது. அப்பதான் டியூபை வாங்கிப் பின்பக்கப் பொடி எழுத்தைப் படிச்சேன். சோடியம் லாரில் சல்ஃபேட்.

ஷாம்பு நுரைக்கப் போடுறது க்ரீம்ல எதுக்கு? எமல்சிஃபையரா. க்ரீம்ங்கிறது தண்ணியும் எண்ணெயும் கலந்தது. சும்மா கலந்தா கொஞ்ச நேரத்துல பிரிஞ்சிடும். எமல்சிஃபையர் மூலக்கூறோட ஒரு முனை எண்ணெயோட ஒட்டும், மறுமுனை தண்ணியோட. எண்ணெய்த் துளியைச் சுத்தி நின்னு, துளிகள் ஒண்ணுசேராம பாத்துக்கும். அது இல்லாம க்ரீமே இல்லை.

சிக்கல் என்னன்னா, நம்ம தோலோட மேலடுக்குல செல்களுக்கு நடுவுல பூசியிருக்கிறதும் கொழுப்புதான். செங்கலுக்கு நடுவுல சிமென்ட் மாதிரி. லாரில் சல்ஃபேட் அதையும் கரைக்கும், புரதத்தையும் சிதைக்கும். ஆராய்ச்சியில வேணும்னே தோல் எரிச்சலை உண்டாக்கப் பயன்படுத்துறதே இதைத்தான். எக்ஸிமா குழந்தைக்கு அந்தச் சுவர் ஏற்கெனவே ஓட்டை.

இதே பொருள் சுமார் 1% இருக்கிற அக்வியஸ் க்ரீம் பத்தி, பிரிட்டன் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எம்.ஹெச்.ஆர்.ஏ. 2013-லயே எச்சரிச்சிருக்கு: எக்ஸிமா உள்ள குழந்தைங்களுக்கு எரிச்சல் வரலாம்னு. எம்பிபிஎஸ்ல க்ரீமுக்கும் ஆயின்ட்மென்ட்டுக்கும் வித்தியாசம் எங்களுக்கு ரெண்டு மார்க் கேள்வி, அவ்வளவுதான்.

உடனே வாட்ஸ்அப்ல "எமல்சிஃபையர் விஷம், கேன்சர்"னு ஃபார்வர்ட் பண்ணிடாதீங்க. லாரில் சல்ஃபேட் கேன்சர் உண்டாக்கும்னு ஆதாரம் இல்லை. நல்ல தோல்ல தேய்ச்சுக் கழுவிட்டா பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது. எல்லா எமல்சிஃபையரும் ஒண்ணும் இல்லை. கிளிசரில் ஸ்டியரேட், பாலிசார்பேட் மாதிரி மின்னேற்றம் இல்லாத வகைகள் ரொம்பச் சாது. லேபிள்ல "ஆல்கஹால்"னு பாத்து பயப்படுற சீட்டைல் ஆல்கஹால் ஸ்பிரிட் இல்லை, மெழுகு மாதிரி ஒரு பொருள். அபூர்வமா சிலருக்கு அலர்ஜி வரும்.

அந்தப் பையனுக்கு சிவந்த இடத்துல சில நாள் ஸ்டீராய்டு க்ரீம். மத்தபடி குளிச்ச ஈரத்தோட வெள்ளை சாஃப்ட் பாரஃபின், நம்ம ஆஸ்பத்திரி ஃபார்மசியிலயே இருந்தது. அதுல தண்ணியே கிடையாது, அதனால எமல்சிஃபையரும் தேவையில்லை.

அம்மாகிட்ட சாரி சொன்னேன். அடுத்த வாரம் பையன் அழாம கையை நீட்டினான். அம்மாவுக்கு இப்ப வேற புகார்: "யூனிஃபார்ம் எல்லாம் ஒரே பிசுபிசுப்பு மேடம், எதைப் போட்டுத் துவைக்கிறது?"