இரண்டுங்கெட்டான் தொட்டி

கோடை விடுமுறைக்காகக் காற்றடைத்த நீச்சல் தொட்டி வாங்க நினைப்பவர்கள் முன்னால் பெரும்பாலும் மூன்று அளவுகள் வந்து நிற்கும். நாலடி அகலத்தில், சாண் ஆழத்துக்குத் தண்ணீர் பிடிக்கும் குட்டித் தொட்டி ஒன்று. 150 லிட்டரில் நிறைந்துவிடும். பத்தடிக்கு ஆறடி என்று செவ்வகமாக, அடுக்கடுக்கான காற்று வளையங்களோடு வருவது இரண்டாவது; பிள்ளைகளின் முழங்காலுக்கு நிரப்பவே ஆயிரம் லிட்டர் கேட்கும். மூன்றாவது, பத்தடி விட்டமுள்ள வட்டத் தொட்டி. இதில் மேல் விளிம்பில் மட்டும்தான் காற்று. தண்ணீர் ஏற ஏற அந்த வளையம் மிதந்து சுவரைத் தூக்கி நிறுத்தும். இதற்குச் சுமார் 3,850 லிட்டர் வேண்டும். ஃபில்டரோடு கூடிய சிறு மோட்டாரையும் சேர்த்தே விற்பார்கள். சின்னது குழந்தைச் சாமான், பெரியது ஆடம்பரம், நடுவில் இருப்பதுதான் நம்மைப் போன்றவர்களுக்கு நியாயம் என்று கை தானாக இரண்டாவதை நோக்கிப் போகும். என் கட்சி இதற்கு நேர்மாறானது. சின்னதை வாங்கலாம், பெரியதையும் வாங்கலாம். நடுவில் இருக்கிறதே, அதைத்தான் தொடக் கூடாது.

காரணம் தண்ணீர்க் கணக்கு. தொட்டியின் விலையைப் பார்த்து வாங்குகிறோம். ஆனால் வீட்டுக்கு உண்மையில் வந்து சேர்வது தண்ணீரைப் பராமரிக்கும் வேலை. விடுமுறையில் நாற்பது நாள் தொட்டி புழக்கத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். குட்டித் தொட்டியைத் தினமும் கொட்டிவிட்டுப் புதிதாக நிரப்பினால் மொத்தம் 6,000 லிட்டர். பெரிய தொட்டியை ஒரே முறை நிரப்பி, ஃபில்டரை ஓட்டி, வெயிலில் ஆவியாவதற்கும் பிள்ளைகள் வாரி இறைப்பதற்கும் நாளுக்கு 60 லிட்டர் ஈடுகட்டினால் 6,250 லிட்டர். ஃபில்டரை அலசும் தண்ணீரையும் சேர்த்து ஏழாயிரம் என்றே இருக்கட்டும். நடுத்தரத் தொட்டிக்கு ஃபில்டர் கிடையாது. இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்றினாலும் 20,000 லிட்டர் ஓடிவிடும். பெரிய தொட்டிதான் மூவரில் ஊதாரி என்ற எண்ணம் இந்த இடத்தில் அடிபட்டுப் போகிறது. யதார்த்தம் இன்னும் மோசம். ஆயிரம் லிட்டரை இறைத்து வெளியேற்றி, அடியில் படிந்த வழவழப்பைத் தேய்த்து, மறுபடி நிரப்ப அரை நாள் போகும் என்பதால், இரண்டு நாள் என்பது நாலாகும், நாலு ஆறாகும். பச்சை ஏறத் தொடங்கிய தண்ணீரில் பிள்ளைகள் குளித்துக்கொண்டிருப்பார்கள். அப்புறம் யாரும் இறங்காமல், கணுக்கால் தண்ணீரோடு ஒரு வாரம் கிடக்கும். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் பருவத்துக்கு வர ஏழெட்டு நாள் போதும். அதற்குச் சாக்கடை வேண்டாம், இந்த மாதிரித் தேக்கமே பிடிக்கும்.

நடுத்தரத் தொட்டியிலும் கொஞ்சம் பிளீச்சிங் பவுடரைப் போட்டு வைத்தால் என்ன என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதுதான். குளோரின் கிருமியைக் கொல்வதற்கு முன் வேர்வை, மண், எண்ணெய், சிறுநீர் ஆகியவற்றோடு வினைபுரிந்தே செலவாகிவிடுகிறது; மீதியை வெயில் தின்றுவிடும். மே மாத நண்பகல் வெயிலில் பாதுகாப்புக் கூட்டுப்பொருள் கலக்காத குளோரின் ஓரிரு மணி நேரத்தில் பெரும்பகுதி போய்விடும். நாலு பிள்ளைகள் இறங்கினால் நடுத்தரத் தொட்டியில் தலைக்கு 250 லிட்டர், பெரியதில் ஏறக்குறைய ஆயிரம். அதே அழுக்கு நாலு மடங்கு செறிவாகச் சேர்கிற தண்ணீரில், கலக்கிவிட மோட்டாரும் இல்லாமல், போட்ட மருந்து ஒரு மூலையில் காட்டமாகவும் மறு மூலையில் இல்லாமலும் நிற்கும். கண்ணெரிச்சல் மிஞ்சும், பாதுகாப்பு மிஞ்சாது. ஃபில்டர் இல்லாத சிறு தொட்டிகளை அன்றன்றே காலி செய்யச் சொல்வதுதான் சுகாதாரத் துறையினரின் வழக்கமான அறிவுரை. குட்டித் தொட்டியில் அதை ஒரு கையால் கவிழ்த்து நிறைவேற்றலாம்.

பெரிய தொட்டியில் மருந்து வேலை பயமுறுத்தும் அளவுக்கு இல்லை. லிட்டருக்கு ஒன்று முதல் மூன்று மில்லிகிராம் வரை குளோரின் நிற்க வேண்டும், பி.எச். 7.2-க்கும் 7.8-க்கும் இடையில் இருக்க வேண்டும். இரண்டையும் சோதனைப் பட்டையை முக்கி நிறம் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். 3,850 லிட்டரில் குளோரினை ஒரு மில்லிகிராம் உயர்த்த நாலு கிராம்கூட வேண்டாம். புதிய பிளீச்சிங் பவுடரில் மூன்றில் ஒரு பங்குதான் குளோரின் என்பதால் சுமார் 12 கிராம் பவுடர். அதை அப்படியே தூவினால் சுண்ணாம்பு அடியில் படியும். பிளாஸ்டிக் வாளியில் கரைத்துத் தெளியவிட்டு, தெளிவை மட்டும் பொழுது சாய்ந்தபின் ஊற்றி, மோட்டாரை ஓட விட வேண்டும். போர் தண்ணீர் உள்ளவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: இரும்பு கலந்த தண்ணீரில் குளோரின் பட்டதும் தொட்டி முழுக்க டீ நிறமாகிவிடும். விஷமில்லை, ஃபில்டர் இரண்டு மூன்று நாளில் பிடித்துவிடும். ஆனால் அது தெரியாமல் மொத்தத்தையும் கொட்டிவிடுகிறவர்கள் உண்டு. அந்த மோட்டாருக்கான இணைப்பு, கசிவு கண்டதும் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. வழியாகத்தான் வர வேண்டும். இதில் சிக்கனம் பார்க்கக் கூடாது.

குடிக்கத் தண்ணீர் இல்லாத ஊரில் குளம் எதற்கு என்பது இன்னொரு ஆட்சேபம். 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டபோது இந்தப் பேச்சே கூசியிருக்கும். 2024 மார்ச்சில் பெங்களூருவில் நீச்சல் குளங்களுக்குக் குடிநீரைப் பயன்படுத்தத் தடை வந்தது. இங்கிலாந்தில் வறட்சிக் காலத் தடைகள் வீட்டுத் தொட்டியைக் குழாய் பிடித்து நிரப்புவதையும் கட்டுப்படுத்துகின்றன. அந்த மாதிரி வருடத்தில் எந்த அளவுத் தொட்டியும் வேண்டாம், அதில் வாதமே இல்லை. மற்ற வருடங்களில் பெரிய தொட்டியிடம் ஒரு நேர்மை இருக்கிறது. நகரத்தில் ஆளுக்கு நாளுக்கு 135 லிட்டர் என்பது குடிநீர்த் திட்டங்களின் அளவுகோல். அதன்படி 3,850 லிட்டர் என்பது நாலு பேர் குடும்பத்தின் ஒரு வாரத் தண்ணீர். இந்த ஒரு வாரத்தைக் கொடுக்கலாமா என்று வீட்டில் ஒருமுறை உட்கார்ந்து முடிவெடுக்க முடியும். நடுத்தரத் தொட்டி அதைவிட அதிகமாக, யாரும் முடிவெடுக்காமலே, கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொள்ளும். கொட்டுகிற தண்ணீர் மரத்துக்குத்தானே போகிறது என்பார்கள். எட்டுப் பத்துத் தென்னை நிற்கிற தோப்புக்காரர் சொன்னால் ஒப்புக்கொள்வேன். கோடையில் ஒரு தென்னை நாளுக்கு அறுபது லிட்டர் குடிக்கும். இரண்டு வாழையும் ஒரு செம்பருத்தியும் உள்ள வீட்டுக்கு அது பொருந்தாது.

இடம் பற்றிய ஆட்சேபத்துக்கு நான் பாதி இறங்கித்தான் வர வேண்டும். ஒரு சதுர மீட்டரில் 60 சென்டிமீட்டர் தண்ணீர் நின்றால் 600 கிலோ. ஆட்கள் ஏறிப் புழங்கும் மொட்டை மாடிக்கு இந்தியத் தர நிர்ணயம் எடுத்துக்கொள்ளும் பாரம் சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோதான். ஆகவே பெரிய தொட்டி மாடிக்கு ஆகாது. நடுத்தரத் தொட்டியும் முப்பது சென்டிமீட்டர் தண்ணீரிலேயே இரண்டு மடங்கைத் தொட்டுவிடுகிறது. மாடி மட்டும் உள்ளவர்களுக்குச் சாண் ஆழக் குட்டித் தொட்டியே எல்லை. தரையில் வைப்பவர்கள் மட்டம் பார்ப்பதோடு கோரைப்புல்லையும் பார்க்க வேண்டும். மேலே செதுக்கிவிட்டு விரிப்பைப் போட்டால், கிழங்கிலிருந்து கிளம்பும் ஊசி முனைக் குருத்து பிளாஸ்டிக்கையே துளைத்துக்கொண்டு வரும். கிழங்கோடு தோண்டி எடுக்காமல் தொட்டியை விரிப்பது வீண். காற்றைக் காலை வேளையில் கொஞ்சம் தளர்வாகவே அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் நண்பகலில் அது விரிந்து ஒட்டுகளைப் பிளக்கும்.

பெரிய தொட்டிக்கு எதிராக நான் மறுக்க முடியாத வாதம் ஒன்றே ஒன்று. அது இரவும் பகலும் நிறைந்தே இருக்கிறது. இப்படிப்பட்ட எடுத்துச் செல்லக்கூடிய தொட்டிகளில் 2001 முதல் 2009 வரை அமெரிக்காவில் நடந்த குழந்தை விபத்துகளை ஆராய்ந்து 2011-இல் வெளியான ஆய்வு 209 மரணங்களைக் கணக்கிட்டது. பாதிக்கப்பட்டவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஐந்து வயதுக்குக் கீழ். மென்மையான சுவர் பார்ப்பதற்குத்தான் பாதுகாப்பு; குழந்தை சாய்ந்தால் விளிம்பு அமுங்கி, தலைகுப்புற உள்ளே தள்ளிவிடும். அதனால் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை உள்ள வீட்டில், அல்லது அடிக்கடி வந்துபோகும் வீட்டில், குட்டித் தொட்டியை மட்டுமே வாங்க வேண்டும். அதிலும் பெரியவர் ஒருவர் கைபேசியை உள்ளே வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார வேண்டும், எழுந்து போகும்போது தொட்டியைக் கவிழ்த்துவிட்டுப் போக வேண்டும். பிள்ளைகள் வளர்ந்த வீட்டில் பெரியதை வைக்கிறவர்களும் சுற்றி வேலி போட்டு, தாழ்ப்பாளை எட்டாத உயரத்தில் வைத்து, குளியல் முடிந்ததும் ஏணியைக் கழற்றி ஸ்டோர் ரூமில் பூட்டிவிட வேண்டும். பக்கத்து வீட்டுக் குழந்தையின் வயது இவர்கள் கையில் இல்லை.