மாலுமியின் கணக்கு

அரபு மொழியில் ஆசிரியரை ‘முஅல்லிம்’ என்பர். கப்பல் செலுத்துவோனைக் குறிக்கும் ‘மாலுமி’ என்னும் நம் சொல் அதன் வழிவந்ததே. முப்பதாண்டுகளாக முஅல்லிமாக இருந்தும், கடலுக்கு வெகு தொலைவிலுள்ள ஒசூர்ச் சீமையில் வாழும் நாம் அச்சொல்லின் மறுபாதியைக் குறித்துச் சிந்தித்ததில்லை. சிந்திக்க வைத்தவர் நம் பழைய மாணவர் ஒருவர்.

நமது மதரஸா, ஒசூர்த் தொழிற்பேட்டைகளைத் தாண்டி, கர்நாடக எல்லையை ஒட்டிய சிற்றூரில் உள்ளது. கோடை மழைக் காற்று வீசினால் மின்சாரம் நின்றுவிடும். மஃரிபுக்குப் பின் ஓதும் பிள்ளைகளுக்காக, ஊரார் நன்கொடையில் ஓர் இன்வெர்ட்டரும் 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி அளவுள்ள இரண்டு பேட்டரிகளும் வாங்கினோம். பதினான்கே மாதங்களில் இரண்டும் செயலிழந்தன. கடைக்காரரோ, பாரம் மிகுதி என்றும், தண்ணீர் ஊற்றிப் பேணவில்லை என்றும் கூறி மாற்றித்தர மறுத்தார். நாம் சினமுற்றோம். ஜும்ஆவுக்குப் பின் பலர் முன்னிலையில், “பழுதான சரக்கை விற்றுவிட்டார்” என்று கூறிவிட்டோம். ஊரார் நம் சொல்லை நம்பினர். அவர் கடைக்குப் போவோர் குறைந்தனர்.

அவ்வேளையில்தான் அம்மாணவர் விடுமுறையில் வந்தார். ஒசூரில் மின்பணி கற்று, பின்பு கோவாவில் படகு கட்டும் துறையில் சேர்ந்தவர். ஒரு தம்பதியர் வீடாகவே கொண்டு வாழும் நாற்பதடிப் பாய்மரப் படகு ஒன்றின் மின்னமைப்பை முற்றாகப் பிரித்து மறுபடி அமைத்ததைக் கதைபோல் விவரித்தார்.

“பழைய கம்பிகளெல்லாம் உப்புக் காற்றில் பச்சை பூத்துக் கிடந்தன, ஹஜ்ரத். முதலில் கருவியைத் தொடவில்லை, காகிதத்தை எடுத்தோம்” என்றார். குளிர்பெட்டி, தானியங்கிச் சுக்கான், விளக்கு, வானொலி என நாளொன்றுக்கு 1,700 வாட்-மணி செலவு. 600 வாட் சூரியத் தகடுகள் நான்கு மணி நேர முழு வெயிலுக்கு ஈடாக 2,400 தரும். இழப்பில் கால்பங்கு போனால் 1,800 மிஞ்சும். மேகம் மூடிய இரு நாள்களுக்கு 3,400 வேண்டும். ஆகவே ஏறத்தாழ 4,500 வாட்-மணி கொள்ளும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி. அதிலும் ஐந்தில் ஒரு பங்கைத் தொடாமல் வைப்பர்.

“240 வாட் கருவிக்கு வீட்டில் ஓர் ஆம்பியர் போதும், 12 வோல்ட் படகிலோ இருபது ஆம்பியர் ஓடும். மெல்லிய கம்பி சுட்டுத் தீப்பிடிக்கும். அதனால் ஈயம் பூசிய தடித்த செம்புக் கம்பி. பேட்டரியின் அருகிலேயே பியூஸ். படகின் அடியில் சேரும் நீரை இறைக்கும் பம்புக்கு மட்டும் தனிக் கம்பி, தனிப் பியூஸ். முதன்மைச் சுவிட்சை அணைத்துவிட்டு எவரேனும் கரையேறினாலும் அது இயங்க வேண்டும்.”

‘தாரிணி’ என்ற கடற்படைப் பாய்க்கலத்தில் புதுவையைச் சேர்ந்த ரூபாவும் கேரளத்துத் தில்னாவும் இருவர் மட்டுமே 2024 அக்டோபர் 2 அன்று கோவாவில் புறப்பட்டு, உலகைச் சுற்றி 2025 மே 29 அன்று திரும்பியதையும் அவர் நினைவூட்டினார். நடுக்கடலில் கரையிலிருந்து கம்பி வராது. கணக்குத் தவறினால் கடன் தருவாரும் இல்லை.

பின்னர் நம் பக்கம் திரும்பி, “இங்கே எத்தனை விசிறி, எத்தனை விளக்கு, ஹஜ்ரத்?” என்று வினவினார். ஆறு விசிறிகள், 75 வாட் வீதம் 450. எட்டுக் குழல் விளக்குகள், 40 வாட் வீதம் 320. மூன்று மணி நேர மின்தடைக்கு 2,310 வாட்-மணி. இரு பேட்டரிகளும் சேர்ந்து கொள்வது 3,600. ஈய-அமில வகையாதலால் பாதியாகிய 1,800க்கு மேல் எடுத்தால் ஆயுள் குறையும். நாமோ நாள்தோறும் ஆழமாக உறிஞ்சினோம். முழுதும் ஏறுமுன்பே மீண்டும் எடுத்தோம். தகடுகளில் சல்பேட் படிந்து இறுகிவிட்டது. வடிநீர் ஊற்றிய நாளும் நம் நினைவில் இல்லை.

கடைக்காரர் கூறியது முழு உண்மை. வாரிசுரிமைப் பங்கீட்டின் நுண்கணக்கை ஆண்டுதோறும் கற்பிக்கும் நாம், நம் தலைக்கு மேல் சுழன்ற விசிறிகளைக் கணக்கிடாமல் ஒருவர் மீது பழி சுமத்தியிருந்தோம்.

அடுத்த வெள்ளியன்று, பழி சொன்ன அதே இடத்தில் நின்று, தவறு நம்முடையது என அறிவித்தோம். பின்பு கடைக்குச் சென்று மன்னிப்புக் கோரினோம். அவர் சிறிது நேரம் பேசவில்லை. “தேநீர் சாப்பிடுங்கள், ஹஜ்ரத்” என்றார். குறைந்த வாடிக்கை முழுதும் திரும்பியதா என்று கேட்க நமக்குத் துணிவில்லை.

புதிய பேட்டரிகளை அவரிடமே வாங்கினோம். 30 வாட் விசிறிகளும் 10 வாட் எல்.இ.டி. விளக்குகளும் பொருத்தியதால் மூன்று மணி நேரச் செலவு இப்போது 780தான். அன்றாடக் கணக்கைப் பிள்ளைகள் கரும்பலகையின் ஓரத்தில் எழுதுகின்றனர். அவர்களில் எவனும் இன்னும் கடலைக் கண்டதில்லை. ஆயினும் தங்களிடம் உள்ளது எவ்வளவு என்று அறிந்தே விளக்கேற்றுகிறார்கள். அவர்களுடைய முஅல்லிம் அதைச் சற்றுத் தாமதமாகவே கற்றார்.