மூன்று கிண்ணங்களும் ஒரு தீர்ப்பும்

எமது வீட்டிலே 'குடி' என்ற சொல்லுக்கு ஒரே பொருள்தான் இருந்தது. ஐயாவின் கையால் ஈடுவைக்கப்பட்டு மீளாது போன பத்துப் பரப்புத் தோட்டக்காணியும், அம்மாவின் கழுத்திலிருந்து இறங்கிய தாலிக்கொடியுமே அப்பொருள். கள், சாராயம், பியர் என்ற வேறுபாடெல்லாம் அம்மாவின் அகராதியில் இல்லை. எமது அகராதியிலும் இல்லை.

இங்ஙனம் வளர்ந்த எமக்கு, இங்கிலாந்தில் லீட்ஸ் நகரிலே படித்துக்கொண்டிருந்த தம்பி பியர் காய்ச்சும் ஆலையொன்றில் இரசாயனப் பரிசோதகனாக அமர்ந்துவிட்டான் என்ற செய்தி 2017 ஆம் ஆண்டில் எட்டியது. ஆறு ஆண்டுகள் நாம் அவனோடு பேசவில்லை. 2023 ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில் அவன் வீட்டுக்குச் சென்றதும் அம்மாவின் வற்புறுத்தலினாலேயன்றி எமது விருப்பத்தினாலன்று.

மூன்றாம் நாள் மாலை அவன் தயங்கித் தயங்கி ஓர் உதவி கேட்டான். பியரைச் சுவைத்துத் தீர்ப்பிடும் நடுவர் பரீட்சைக்கு அவன் ஆயத்தம் செய்துகொண்டிருந்தான். "அண்ணை, இருபது வருசமாய் விடைத்தாள் திருத்துகிறீங்கள். பழகாத நாக்கும் வேணும், நேர்மையான புள்ளியும் வேணும். ஒரு மிடறு போதும்; விழுங்காமல் துப்பினாலும் சரி," என்றான்.

நாம் மறுத்திருக்கலாம். ஆயினும், 'விடைத்தாள்' என்ற சொல் எம்மை அமர்த்திவிட்டது.

துணியால் மூடிய மூன்று போத்தல்கள். ஒவ்வொன்றிலும் ஓர் இலக்கம் மாத்திரம் ஒட்டியிருந்தது. "பெயரைப் பார்த்தால் நாக்குப் பொய் சொல்லும்," என்றான் தம்பி. பொதுப் பரீட்சைகளிலே மாணவனின் பெயரை மறைத்துச் சுட்டெண்ணை மாத்திரம் காட்டுவதும் இதே காரணத்தினாலன்றோ என நாம் எண்ணிக்கொண்டோம்.

மூன்றும் ஓட்ஸ் கலந்த கரிய ஸ்டவுட் வகையின. முளைவிட்ட பார்லியோடு, நன்கு வறுத்த தானியமும் ஓட்ஸும் சேர்த்து வெந்நீரில் ஊறவைத்து, வடித்த சாற்றை ஹொப்ஸ் பூக்களோடு கொதிக்கவைத்து, ஆறியபின் மதுவம் இட்டு நொதிக்கவிடுவர். கருமையும் கோப்பி மணமும் வறுத்த தானியத்தால் வருவன. ஓட்ஸிலுள்ள பீட்டா குளூக்கன் என்னும் பொருள் பானத்துக்கு வழுவழுப்பைத் தருகின்றது. ஓட்ஸ் அளவு மிஞ்சினாற் கஞ்சிபோலப் பிசுபிசுத்து வடிக்க இயலாது போகும்; ஆதலால் மொத்தத் தானியத்தில் ஏறத்தாழ 5 முதல் 20 சதவீதம் வரையே சேர்ப்பர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இப்பானம் பிரித்தானியாவில் நோயுற்றுத் தேறுவோர்க்கு ஊட்டம் தருவதென விற்கப்பட்டதாம். பெயர் செய்யும் மாயத்துக்கு இதுவும் ஒரு சான்று. பின்னர் இவ்வகை அருகி, ஏறக்குறைய மறைந்தே போயிற்று. 1980 ஆம் ஆண்டில் அமெரிக்க இறக்குமதியாளர் ஒருவரின் வேண்டுகோளின்படி, யோர்க்ஷயரிலுள்ள டட்காஸ்டர் என்னும் சிற்றூரில் சாமுவேல் சிமித் ஆலையார் இதனை மீண்டும் காய்ச்சத் தொடங்கினர்.

"எங்கள் நாட்டு லயன் ஸ்டவுட்டும் இதுதானோ?" என்று வினவினோம். "இல்லை அண்ணை; அதை வெப்பவலய ஸ்டவுட் என்று வேறு வகுப்பிலே வைத்திருக்கினம். அது இனிப்பும் வெறியும் கூடினது," என்றான்.

பின்னர் புள்ளித்தாளைத் தந்தான். மொத்தம் 50 புள்ளிகள். மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் உணரும் தன்மைக்கு 5, முழுமையான மதிப்புக்கு 10. தோற்றத்துக்கு மூன்றே மூன்று! நேர்த்தியான கையெழுத்தைக் கண்டு மயங்கிப் புள்ளியிடும் ஆசிரியர்கள் இத்தாளை ஒருமுறை பார்த்தல் நன்று.

மணம் விரைவிற் கலைந்துவிடுமாதலின் முதலில் முகர்தல் வேண்டும். மிகக் குளிர்ந்திருப்பின் நாக்கு மரத்துவிடும். ஆகவே பன்னிரண்டு பாகை செல்சியசு அளவிற் பருகுதல் நலம். புள்ளியிடுமுன் காரணத்தைச் சொல்லில் எழுதுதல் வேண்டும்.

முதற் கிண்ணத்தை முகர்ந்தோம். அம்மா அடுப்பில் வறுத்த கோப்பிக்கொட்டையின் மணம். அதன் பின்னால் மெல்லிய பனங்கட்டி வாசனை. நுரை வெளிறிய கபில நிறம். ஒரு மிடறு வாயிலிட்டோம். கசப்பு இருந்தது, ஆயினும் அது குத்தவில்லை. பட்டுப்போல் நாவில் வழுகி, இலேசான இனிப்பை விட்டுச் சென்றது. 40 புள்ளி இட்டோம்.

இரண்டாவது நிறத்தில் இன்னும் அழகியது. தோற்றத்துக்கு மூன்றையும் பெற்றது. ஆனால் வாயிலிட்டதும், சரியாக அவியாத வாழைப்பொத்தியைக் கடித்தாற்போல் நாக்கு இழுத்தது. 'துவர்ப்பு மிகுதி, வழுவழுப்பை அது மறைத்துவிட்டது' என எழுதி 24 இட்டோம். மூன்றாவது குறையற்றது; ஆயினும் நீர்த்தது. அதற்கு 33.

தம்பி துணிகளை நீக்கினான். முதலாவது டட்காஸ்டர் ஸ்டவுட். மூன்றாவது கடையில் வாங்கியது. இரண்டாவது போத்தலில் ஒட்டுத்தாளே இல்லை.

"அது நான் வீட்டிலே காய்ச்சினது, அண்ணை."

எமக்கு நா எழவில்லை. ஆறு ஆண்டுகளின் பின் வந்து, இதற்கும் குறை சொன்னோமே என்று மனம் நொந்தது. அவனோ புள்ளித்தாளை எடுத்து இருமுறை வாசித்தான். "சரிதான். தானியத்தைக் கழுவின தண்ணீரின்ரை சூடு கூடிப்போச்சு. அதுதான் உமியிலிருந்து துவர்ப்பு இறங்கியிருக்கு. கூட்டாளிமார் எல்லாரும் நல்லாயிருக்கு என்றுதான் சொன்னவை," என்றான். அவன் முகத்தில் வருத்தம் இல்லை, நன்றியே இருந்தது.

அன்றிரவு எமக்கு உறக்கம் வரவில்லை. அவன் காய்ச்சிய பானத்துக்கு முகர்ந்து, பார்த்து, சுவைத்து, காரணம் எழுதிப் புள்ளி இட்டோம். அவனுக்கு? 'பியர் ஆலை' என்ற ஒட்டுத்தாளைக் கண்ட கணத்திலேயே, விடைத்தாளைத் திறவாமற் பூச்சியம் இட்டிருந்தோம். நாம் அவ்வீட்டில் இருந்த நாட்களில் அவன் எவ்விரவிலும் ஒரு கிண்ணத்துக்கு மேற் பருகக் கண்டிலோம். மாதந்தவறாது அம்மாவின் மருந்துக்குப் பணம் அனுப்பியவனும் அவனே.

இதனால் மதுவை நாம் புகழ்கின்றோம் என இளைஞர் எவரும் எண்ணற்க. எமது கிண்ணங்கள் மூன்றும் ஒவ்வொரு மிடறு குறைந்தபடியே மேசையில் இருந்தன. அதன் பின் நாம் மதுவைத் தொட்டதுமில்லை. ஐயா இழந்த காணி மீளவுமில்லை. ஆனால் ஐயாவுக்கு இட வேண்டிய புள்ளியைத் தம்பிக்கு இட்டது எமது பிழை. மறுநாட் காலை அதனை அவனிடம் சொன்னோம். அவன் ஒன்றும் கூறாது எமக்குத் தேநீர் ஊற்றித் தந்தான்.

சென்ற மாதம் தொலைபேசியில் அழைத்தான். "சூட்டைக் குறைச்சுக் காய்ச்சினன், அண்ணை. துவர்ப்புப் போயிட்டுது. எத்தனை புள்ளி?"

"சுவைக்காமல் எப்படியடா போடுறது?" என்றோம்.

இருவரும் நெடுநேரம் சிரித்தோம்.