தண்ணி இல்லாத அருவி

ரெண்டு வருஷமா என் பொண்ணுகிட்ட ஒரு கடன் பாக்கி. "சீசன் வந்ததும் குற்றாலம் போலாம்"னு சொல்லிச் சொல்லியே ரெண்டு சீசன் போயிடுச்சு. ஒரு தடவை லீவு கிடைக்கல, இன்னொரு தடவை கையில காசு இல்ல. போன ஞாயித்துக்கிழமை அவ மூஞ்சியப் பார்க்க முடியாம, "வா, பக்கத்துலயே ஒரு அருவி இருக்கு, காட்டறேன்"னு வாயை விட்டுட்டேன்.

செங்கல்பட்டுல பஸ் ஏறி, திருக்கழுக்குன்றம் வழியா மாமல்லபுரம். நேரா அர்ஜுனன் தபசு முன்னாடி கொண்டுபோய் நிறுத்தினேன். அவ துண்டு, மாத்து டிரஸ் எல்லாம் பையில எடுத்துட்டு வந்திருந்தா. சுத்தும் முத்தும் பார்த்துட்டு, "தண்ணி எங்கப்பா?"ன்னா.

அந்த 90 அடி அகலப் பாறைக்கு நடுவுல, மேலேருந்து கீழ வரைக்கும் ஒரு பிளவு இருக்கு, கவனிச்சிருக்கீங்களா? நானும் எத்தனையோ தடவை போயிருக்கேன். யானைகளைப் பார்ப்பேன், கையைத் தூக்கித் தவம் பண்ற பூனையைப் பார்த்துச் சிரிப்பேன், வந்துடுவேன். பிளவை வெறும் விரிசல்னுதான் நினைச்சிருந்தேன். விஷயமே அங்கதான் இருக்கு. 7-ம் நூற்றாண்டுப் பல்லவச் சிற்பிங்க, பாறையில தானா விழுந்திருந்த பிளவை ஒரு ஆறாவே ஆக்கிட்டாங்க. அதுக்குள்ள நாகராஜாவும் நாகராணியும் கைகூப்பிக்கிட்டு மேல நீந்தி வர்றாங்க. பாறை உச்சியில தொட்டி இருந்ததுக்கான அடையாளம் இருக்கு. அதுலேருந்து தண்ணியைத் திறந்துவிட்டு, பிளவு வழியா அருவியா கொட்ட வச்சிருப்பாங்கன்னு அறிஞர்கள் பல பேர் சொல்றாங்க. அப்படின்னா ஒத்தைக்கால்ல நிக்கறவர் அர்ஜுனன் இல்ல, கங்கையைக் கொண்டுவந்த பகீரதன்னு ஒரு கட்சி. சண்டை இன்னும் தீரல :)

இத்தனையும் சொன்னேன். பொறுமையா கேட்டுட்டு, "அப்ப தண்ணி விட மறந்துட்டாங்களா?"ன்னா. உன்னை மாதிரியேன்னு அவ சேர்த்துச் சொல்லல. எனக்குத்தான் அப்படிக் கேட்டுது.

அப்புறம் குன்றுப் பாதையில நடந்தோம். வெண்ணெய் உருண்டைப் பாறை, கணேச ரதம், வராக மண்டபம், இராயகோபுரம், மகிஷாசுரமர்த்தினி குகை. குகைக்கு மேல இருக்கற கோயில்லதான், பக்கத்துல இப்ப இருக்கற கலங்கரை விளக்கம் வர்றதுக்கு முன்னாடி, கப்பலுக்கு விளக்கு ஏத்தினாங்களாம். அங்கேருந்து கடல் தெரிஞ்சுது. "இவ்ளோ தண்ணி இருக்கே, அதுல கொஞ்சம் மேல விடலாம்ல?"ன்னா. நான் சிரிச்சேன். அவ சிரிக்கல.

துண்டு ஈரமாகாமலே வீட்டுக்கு வந்துது. அதை மடிச்சு வைக்கும்போது மனசு என்னவோ பண்ணிச்சு.

இந்தத் தடவை வாயால சொல்லல. பொதிகை எக்ஸ்பிரஸ்ல, செங்கல்பட்டுலேருந்து தென்காசிக்கு ரெண்டு டிக்கெட் போட்டாச்சு. சொன்னதும் ஒரு குதி குதிச்சா. அப்புறம், "மழை பெய்யும்போது மகாபலிபுரமும் போகணும்ப்பா, அந்தப் பிளவுல தண்ணி வருதான்னு பார்க்கணும்"னா.

ஆக, புதுக்கடன் ஒண்ணு ஏறியாச்சு. நல்ல மழையில அந்தப் பாறை முன்னாடி நின்னவங்க யாராவது இருந்தா சொல்லுங்களேன், தண்ணி வருமா?